நல்ல சாப்பாடு கிடைக்காத ஊர்

மார்ச் 9, ஞாயிறு

வந்து சேர்ந்தாயிற்று. மெல்போர்ன் என்று சொல்லித்தான் என் மகன் சிவசைலம் அழைத்து வந்தான். விமான நிலையத்திலிருந்து கார் ஓடியது, ஓடியது, ஊர் முடிந்து வெறும் புல்வெளி வந்த பிறகும் ஓடியது. "ஏல, அடுத்த ஜில்லாவுக்குப் போறோமா?" என்று கேட்டேன். "இதுவும் மெல்போர்ன்தாம்ப்பா. கடைசி ஏரியா" என்றான். ரயில்கூட முந்தின ஊரோடு அலுத்துப்போய்த் திரும்பிவிடுகிறது. எல்லா வீடும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி. வெளியே போனால் திரும்பி எந்த வீட்டுக்குள் நுழைவேனோ, எந்த வெள்ளைக்காரி என்னை விரட்டுவாளோ.

நான் ஆவுடையப்பன். அம்பாசமுத்திரம் டிப்போவில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. இந்த டைரி சிவா கொடுத்தது. "எழுதுங்கப்பா. பொழுதும் போகும், வாய்க்கும் ஓய்வு கெடைக்கும்" என்றான்.

ஏற்பாடு இதுதான். மூன்று மாதம் இருந்து பார்ப்பது. ஒத்துவந்தால் நான் இங்கேயே தங்குவதற்கு சிவா எழுதிப் போடுவான். ஒத்துவரும். என் மனைவி கோமதி போன பிறகு அந்த வாடகை வீட்டில் மெஸ் சோற்றைத் தின்றுகொண்டு சுவரோடு பேசியது போதும். வீட்டைக் காலி செய்து, கட்டிலையும் பீரோவையும் கேட்டவர்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். சிவாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வைவான்.

மதியம் சிவாவின் நண்பர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். மருமகள் மங்கையர்க்கரசி சொதி வைத்திருந்தாள். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் போடும் மறுவீட்டு விருந்தில் சொதிதான் ராஜா. தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, நிறையக் காய்கறி. இவள் வைத்தது கொஞ்சம் தண்ணியாக இருந்தது. எனக்குச் சும்மா இருக்க முடியுமா? கரண்டியை விட்டுத் துழாவி, "என்ன மங்கை, வண்டி காலியா ஓடுது? ஸ்டாண்டிங்ல ஒரு ஆளைக் காணோமே" என்றேன். மொத்தப் பேரும் சிரித்தார்கள். இவர்கள் கல்யாணத்தின்போது மறுவீட்டுப் பந்தியில் மங்கையின் அப்பா தெய்வநாயகம் சொதி வாளியோடு வந்ததையும், நான் இதே வார்த்தையைச் சொன்னதையும், பந்தியே சிரித்ததில் சம்பந்தி வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடியதையும் விலாவாரியாகச் சொன்னேன். அதற்கு இன்னும் சிரிப்பு.

மங்கை பாத்திரத்தை உள்ளே எடுத்துப் போனாள். சூடு பண்ணிக் கொண்டுவருவாள் என்று பார்த்தேன். வரவில்லை. ரசம் விட்டு முடித்துக்கொண்டேன்.

மார்ச் 10, திங்கள்

காலையில் ஏதோ சருகை டப்பாவிலிருந்து கொட்டி, மேலே பச்சைப்பால் விட்டுக் கொடுத்தான் சிவா. ஆட்டுக்கு வைத்தால் முட்ட வரும்.

மார்ச் 14, வெள்ளி

மங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு நாள் பகல், ஒரு நாள் இரவு. தனக்கும் சிவாவுக்கும் சமைத்து டப்பாக்களில் போட்டு, பெயர் எழுதி ஒட்டி, குளிர்பெட்டியில் வைக்கிறாள். என் பெயரில் டப்பா இல்லை. எனக்கு ரொட்டி, பழம், தயிர் எல்லாம் தனித் தட்டில் ஒழுங்காக வைத்திருக்கிறாள். குறை சொல்ல முடியாது.

"மாமாவுக்கு என் சமையல் சரிப்படாது. வேற ஏற்பாடு பண்ணிக் குடுங்க" என்று சிவாவிடம் சொன்னாளாம்.

"நீங்க சும்மா இருந்திருக்கலாம்லாப்பா" என்றான் சிவா.

"சும்மா இருக்கத்தாம்ல இங்க வந்திருக்கேன்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. இந்த ஊர்க் குளிரில் பையனுக்கு நரம்பு விறைத்துவிட்டது போல.

மார்ச் 18, செவ்வாய்

ஆள் கிடைத்துவிட்டது. நாலு வீடு தள்ளி யாழ்ப்பாணத்துக்காரர், நாகேஸ்வரன். என் வயசுதான். மனைவி இல்லை. கார் இருக்கிறது. இந்த ஊரில் இதற்கு மேல் என்ன பொருத்தம் வேண்டும்?

"சாப்பாட்டுக் கடைதானே தேடுறீர், ஏறும் காணும்" என்றார்.

ரவுண்டானா தாண்டிப் பெட்ரோல் பங்கை ஒட்டி ஒரு இந்தியக் கடை. வாசலில் தாஜ்மகால் படம். உள்ளே எல்லாக் குழம்பும் ஆரஞ்சு நிறம். உருளைக்கிழங்குக்கு ஒரு ஆரஞ்சு, கடலைக்கு ஒரு ஆரஞ்சு. ஒன்றைத் தொட்டு நாக்கில் வைத்தேன். பாயசத்தில் யாரோ வெங்காயம் நறுக்கிப் போட்டுவிட்ட மாதிரி இருந்தது. கடைக்கார சர்தார் பக்கத்தில் வந்து, நன்றாக இருக்கிறதா என்று சைகையில் கேட்டார். நானும் சைகையில் என் வயிற்றைக் காட்டி, மேலே வானத்தைக் காட்டிக் கும்பிட்டேன். பாராட்டு என்று நினைத்துக்கொண்டு இன்னொரு கரண்டி போட்டுவிட்டார்.

மார்ச் 26, புதன்

இன்று தோசைக் கடை. இருபது நிமிஷப் பயணம், வழி நெடுக முளைக்கப்போகும் வீடுகளின் விளம்பரப் பலகை. தோசை என்னமோ முறுகலாகத்தான் வந்தது. உள்ளே பாலாடைக்கட்டி. சாம்பாரில் சர்க்கரை. சட்னி எந்த மரத்தில் காய்த்ததென்று தெரியவில்லை.

"இந்தக் கடைக்கு என்ன மார்க் போடுவீர்?" என்று நாகேஸ்வரன் கேட்டார்.

"பெயில். அட்டென்டன்ஸும் கட்."

வீட்டுக்கு வந்து மங்கையிடம், "உன் சமையல் எவ்வளவோ தேவலைம்மா" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். "அப்படியா மாமா" என்று கேட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

ஏப்ரல் 5, சனி

நாகேஸ்வரன் தன் வீட்டில் இடியாப்பமும் அவர்கள் ஊர்ச் சொதியும் வைத்துச் சாப்பிடக் கூப்பிட்டார். பருப்பும் கிடையாது, காயும் கிடையாது. மஞ்சள் போட்ட பால். "இதுக்குப் பேர் சொதின்னா, எங்க ஊர்ல மாட்டைக் குளிப்பாட்டுற தண்ணிக்கும் ஒரு பேர் வைக்கணும்" என்றேன். அவர் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை. "உம்மட ஊர்ச் சொதி சொதியே இல்லை, அது காய்கறிச் சந்தை" என்று திருப்பிக் கொடுத்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு நிறைந்தது.

கை கழுவும்போது கேட்டார். "ஒண்டு கேக்கிறன், குறை நினையாதையும். நீர் சாப்பாடு தேடுறீரோ, இல்லாட்டி வீட்டை விட்டு வெளிக்கிட ஒரு சாட்டுத் தேடுறீரோ?"

"உம்ம கார்ல ஓசில சுத்தத்தான்" என்றேன்.

சிவாவிடம் விசா விஷயம் என்ன ஆயிற்று என்று சாயங்காலம் கேட்டேன். "பாத்துக்கிட்டு இருக்கேம்ப்பா" என்றான். இதோடு எத்தனையோ தடவை பார்த்துவிட்டான்.

ஏப்ரல் 10, வியாழன்

கண்டுபிடித்துவிட்டோம். கடை இல்லை, ஒரு வீடு. எங்கள் ஊர்ப் பக்கத்துக் கடையத்துக்காரப் பெண், செண்பகம். சொன்னவர்களுக்கு வீட்டில் சமைத்துக் கொடுக்கிறாள். ஒரு கரண்டி புளிக்குழம்பை என் கையில் விட்டாள். நக்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றேன்.

"என்னண்ணாச்சி, நல்லா இல்லையா?" என்று பயந்துவிட்டாள்.

எனக்கே பேச்சு வரவில்லை என்றால் எப்படி இருந்திருக்கும்.

திங்கட்கிழமை சித்திரை ஒன்று. மங்கைக்கு அதற்கு முந்தின இரவு டியூட்டி. காலையில் களைத்து வருகிறவள் ஏன் அடுப்படியில் நிற்க வேண்டும்? வருஷப் பிறப்புச் சாப்பாட்டுக்கு மூன்று பேருக்குச் செண்பகத்திடம் சொல்லிவிட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. அசந்து போவாள்.

ஏப்ரல் 14, திங்கள்

அசந்துதான் போனாள்.

நாகேஸ்வரன் காரில் போய்ச் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு, இரண்டு கையிலும் பையோடு வீட்டுக்குள் நுழைந்தேன். பின்னாலேயே அவரும். மேசையில் வாழையிலை விரித்திருந்தது. மூன்று இலை. மாங்காய்ப் பச்சடி, அவியல், பருப்பு, வடை, பாயசம். விடியவிடிய நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்து, தூங்காமல் சமைத்திருக்கிறாள். வந்த நாளுக்கு அப்புறம் இன்றுதான் எனக்கும் இலை.

பண்டிகை நாளில், அடுப்பு எரிகிற வீட்டுக்குள் வெளிச் சோற்றைத் தூக்கிக்கொண்டு நுழைவது எங்கள் பக்கம் செய்யக் கூடாத காரியம். அந்த வீட்டுப் பெண்ணை வெளியே போ என்று சொன்ன மாதிரி. எனக்குத் தெரியாததா? அடுப்பு எரியும் என்று யார் கண்டது?

பையை வாசலிலேயே விட்டிருக்கலாம். கை நிறையப் பையோடு நிற்கிறேன், மூன்று பேரும் என்னையே பார்க்கிறார்கள், ஏதாவது சொல்லியாக வேண்டும். "நல்லதாப் போச்சு. ரெண்டையும் வச்சுப் பாப்போம், எது பாஸாகுதுன்னு" என்றேன்.

நாகேஸ்வரன் மட்டும் லேசாகச் சிரித்தார். அவரும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மங்கை என் கையிலிருந்த பைகளை வாங்கினாள். செண்பகத்தின் சாப்பாட்டை ஒவ்வொன்றாகப் பிரித்து, என் இலையில் தன் கையாலேயே முறைப்படி பரிமாறினாள். உப்பு, ஊறுகாய்கூட விடவில்லை. "சாப்பிடுங்க மாமா" என்றாள். பிறகு தான் சமைத்ததை எல்லாம் டப்பாவில் அள்ளிப் போட்டு, "ராத்திரி வார்டுல கூட வேலை பாக்குற பிள்ளைங்க சாப்பிடும்" என்று சிவாவிடம் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

செண்பகம் அவியலில் உப்பைக் குறைத்துவிட்டாள். அல்லது எனக்குத்தான் உறைக்கவில்லையோ என்னவோ.

ஏப்ரல் 15, செவ்வாய்

மழை. எனக்கு மறுபடி ரொட்டி, பழம், தயிர்.

ஏப்ரல் 27, ஞாயிறு

சிவா காய்கறி வாங்கப் போயிருந்தான். மங்கை துணி உலர்த்தும் மெஷினிலிருந்து என் வேட்டிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே சோபாவில் நான்.

"மாமா, ஒண்ணு சொல்லணும். அவுகளக் கேட்டா மழுப்புவாக" என்றாள். "நீங்க இங்கயே தங்குறதுக்கு எழுதிப் போடல. வேண்டாம்னு சொன்னது நான்தான்."

நான் டிவியைப் பார்த்தேன். ஓடவில்லை அது.

"சொதிக்காகவாம்மா?"

"எங்க மறுவீட்டுக்கு நூறு பேரு வருவோம்னு சொன்னது நீங்க. அதுக்கு மேல டிப்போவே திரண்டு வந்துச்சு. மூணு வேன். வந்தவுகள எலையிலேர்ந்து எழுப்பக் கூடாதுன்னு அப்பா சொதியில தண்ணிய ஊத்தி ஊத்தி எல்லாருக்கும் போட்டாங்க. அந்த வாளியத்தான் நீங்க காலி வண்டின்னு சொன்னீங்க."

"அது ஒரு தமாசு மங்கை."

"தெரியும் மாமா. எல்லாரும் சிரிச்சாங்களே." வேட்டியின் கரையும் கரையும் சேருகிறதா என்று பார்த்து மடித்தாள். "அதுக்கப்புறம் எங்க வீட்டுல சொதி வச்சதில்ல. சாகுற வரைக்கும் அப்பா வைக்க விடல. எனக்கு அத வைக்கவே தெரியாது. நீங்க வாரீங்கன்னு போன்ல வீடியோ பாத்து வச்சேன். அன்னைக்குத்தான் மொதல்தடவ."

அடுத்த வேட்டியை எடுத்தாள்.

"கோவம்லாம் இல்ல. இருக்குற வரைக்கும் ஒரு குறையும் வைக்க மாட்டேன். ஆனா காலம் பூரா, நீங்க என்ன சொல்லப் போறீங்களோன்னு வாயப் பாத்துக்கிட்டே ஒவ்வொரு கரண்டியா போட என்னால ஆகாது மாமா."

வேட்டிகளை என் அறையில் வைத்துவிட்டுப் போனாள்.

மூன்று வேன் என்பது தப்பு. இரண்டரை. கடைசி வேனில் பாதி ஆள்தான் இருந்தது.

ஏப்ரல் 28, திங்கள்

கால் நகம் வெட்டினேன். இந்த ஊர் நகவெட்டி மழுங்கல்.

ஊரில் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். நான் காலி செய்த வீட்டில் வேறு குடும்பம் வந்துவிட்டதாம். "மேல மாடில ஒரு ரூம் கெடக்கு அண்ணாச்சி. படிதான் செங்குத்து. ஒங்களுக்கு முட்டி தாங்குமா? எதுக்குக் கேக்குதீங்க, அங்கயே இருக்கப் போறதா சொன்னீங்கல்லா?" என்றார்.

"ஒரு சொந்தக்காரப் பையனுக்கு" என்றேன். வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று சொல்லி வைத்தேன்.

மே 10, சனி

சிவா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு நகரத்துக்குப் போனான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினான். மங்கை வரவில்லை. பெரிய கடை, தமிழ்க் கடை. முழுச் சாப்பாடு சொன்னான். எனக்கு அப்பளம் இரண்டு வாங்கி வைத்தான். அவன் சின்ன வயசில் ஊசி போட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும் முன்னால் நான் அவனுக்கு இப்படித்தான் ஏதாவது வாங்கிக் கொடுப்பேன்.

பாதிச் சாப்பாட்டில் ஆரம்பித்தான். "யப்பா, அந்த விசா விஷயம்..."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். உருண்டை உருட்டுகிறான், வாய்க்குப் போகவில்லை. நாற்பத்தி நாலு வயசுப் பிள்ளை. பார்க்கச் சகிக்கவில்லை.

"எந்த விசா?" என்றேன். "ஏல, என்ன இங்கயே போட்டுப் பொதைக்கலாம்னு பாக்கியா? ஒரு நல்ல சாப்பாடு உண்டால இந்த ஊர்ல? சாம்பார்ல சீனி போடுதான். தோசைக்குள்ள சோப்புக்கட்டிய வைக்கான். மூணு மாசமே பெருசு. எனக்குச் சாப்பாடுதான் முக்கியம். டிக்கெட் தேதிய மாத்தாத, நான் கெளம்புதேன்."

தூங்கி விழித்த பிரயாணிக்கு இறங்க வேண்டிய ஊர் தாண்டிவிட்டதோ என்று ஒரு பயம் வரும். இன்னும் வரவில்லை என்று நான் சொன்னதும் ஒரு முகம் காட்டுவான். அந்த முகத்தைச் சிவாவிடம் பார்த்தேன்.

"நெசமாவாப்பா? சாப்பாடு ஒண்ணுதான் கொறையா?"

"வேற என்ன கொறை? மருமக தங்கம்லா."

உருண்டை வாய்க்குள் போனது. பிறகு அவன் நிறையப் பேசினான், வருஷா வருஷம் வந்து போகலாம் என்றான், நான் கேட்காத பாயசத்தை இரண்டாவது தடவை வாங்கினான்.

அந்தக் கடையில் வத்தக்குழம்பு அருமை. அதை அவனிடம் சொல்லவில்லை.

மே 25, ஞாயிறு

சிவாவின் நண்பன் வீட்டில் எனக்கு வழியனுப்பு விருந்து. நாகேஸ்வரனையும் கூப்பிட்டிருந்தார்கள்.

ஏன் இருக்கவில்லை என்று எல்லாரும் கேட்டார்கள். நான் வாய் திறக்கும் முன்னால் சிவாவே சொன்னான். "அப்பாவுக்கு இங்க நல்ல சாப்பாடு கெடைக்கலயாம். பஞ்சாபிக் கடையில வானத்தக் காமிச்சுக் கும்புட்டுட்டாங்க." அவன் நன்றாகச் சொல்கிறான். என் மாதிரியே நிறுத்தி நிறுத்திச் சொல்கிறான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாக்குக்காகப் பிள்ளைய விட்டுட்டுப் போறீங்களே அங்கிள்" என்றாள்.

"நாக்குதானேம்மா எல்லாம்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

மங்கை ஓரமாக நின்று பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுபடி நறுக்கினாள்.

வெளியே காற்று வாங்க வந்தபோது நாகேஸ்வரன் பக்கத்தில் வந்து நின்றார்.

"செண்பகத்தின்ர புளிக்குழம்பைக் குடிச்சுப்போட்டுப் பேசாமல் நிண்ட மனுசன் நீர்தானே?"

"அது வேற ஆளு" என்றேன்.

"ஓம், ஓம்" என்றார். "எனக்கும் இனிக் கடைக்குப் போக ஆளில்லை." தன் மப்ளரைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். நாற்றம். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜூன் 4, புதன்

நாளைக் காலையில் விமானம். பெட்டி கட்டியாயிற்று. மங்கைதான் கட்டினாள். முட்டி வலிக்கு ஒரு களிம்பு, இருமலுக்கு மருந்து, எப்போது எதைப் போடுவது என்று சொல்லிச் சொல்லி வைத்தாள். மாடிப்படி விஷயம் அவளுக்குத் தெரியாது. முட்டியைத் தேய்ப்பதை எப்போதோ பார்த்திருக்கிறாள்.

சாயங்காலம் கூட்டாஞ்சோறு செய்தாள். அரிசி, பருப்பு, காய், முருங்கைக்கீரை எல்லாம் ஒன்றாக வேகவைத்து, சின்ன வெங்காயமும் வடகமும் தாளித்து. முருங்கைக்கீரைக்கு எங்கே போனாளோ. மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்தோம். அவள்தான் போட்டாள். கரண்டி என் தட்டுக்கு மேல் வந்தபோது அவள் கண் என் வாயில்தான் இருந்தது.

ஒரு வாய் வைத்தேன்.

பெட்ரோல் பங்குக் கடை, தோசைக் கடை, செண்பகம், நகரத்துப் பெரிய கடை எல்லாம் எங்கேயோ போய்விட்டன. புளிப்பு, காரம், கீரையின் லேசான கசப்பு, அதது அதன் இடத்தில் இருந்தது. கோமதி வைத்தால்கூட இதில் கொஞ்சம் உப்பு தூக்கலாக இருக்கும். ஒரு வார்த்தைகூட வேடிக்கையாகச் சொல்லத் தோன்றவில்லை.

"நல்லா இருக்கும்மா" என்றேன்.

மங்கையின் கை நின்றது. "போற நேரத்துலயும் கேலியா மாமா?" என்றாள்.

"இல்லம்மா, நெசமாச் சொல்லுதேன். இந்த ஊர்ல நான் தேடுன சாப்பாடு இதுதான்."

சிவா தட்டைத் தட்டிச் சிரித்தான். "யப்பா, போதும். அவ அழுதுருவா."

"ஏல, நான் கேலி பண்ணலடா. கோமதி மேல சத்தியம்."

"அம்மாவையும் விடமாட்டீங்களா?" என்று இன்னும் சிரித்தான்.

இன்னும் கொஞ்சம் போடச் சொல்லித் தட்டை நீட்டினேன். மங்கை கரண்டியைச் சிவா பக்கம் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்க எழுந்துவிட்டாள். அவன்தான் போட்டான். ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டேன், விரல் வரைக்கும். சிவா என் நடிப்பை மெச்சினான்.

சாப்பிட்ட தட்டை எடுக்க மங்கை வந்தாள். சுத்தமாக இருந்த தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் என் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் எப்போதும் போலவே வைத்துக்கொண்டிருந்தேன் போல.

"பரவால்ல மாமா" என்றாள். "நாளன்னைக்கு இந்நேரம் ஊர்ல இருப்பீங்க. பிடிச்ச கடையாப் பாத்துச் சாப்பிடுங்க."